செடிக்கு அளக்கும் உப்பை மனிதருக்கும் அளக்க வேண்டும்



எங்கள் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில், தேங்காய்த்துருவல் மில்லுக்குப் பின்னால் ஒரு லயம் இருக்கிறது. அந்த லயத்துப் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் படிக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் மாற்றிய கூரைத் தகரம் இப்போது சல்லடை மாதிரி ஆகிவிட்டது. மழை நாளில் கொப்பி நனையாமல் வரும் பிள்ளைகள் குறைவு. நிர்வாகத்திடம் கேட்டால் ஒரே பதில்தான்: "கடற்கரைதானே, உப்புக்காற்று. இங்கே எந்தத் தகரமும் நிற்காது." லயத்து ஆட்களைக் கேட்டால் அவர்களுக்கும் ஒரே பதில்தான்: "கடல் எங்க பாட்டன் காலத்திலயும் இருந்துச்சு டீச்சர். பொயிலர்தான் புதுசு."

இந்த வழக்கு பல வருடமாக இப்படியே நடக்கிறது. ஒரு பக்கம் கடலைக் காட்டுகிறது, மறுபக்கம் புகைபோக்கியைக் காட்டுகிறது. இரண்டு பக்கத்தின் கையிலும் ஓர் எண் கூட இல்லை. எண் இல்லாத வழக்கில் எப்போதும் தோற்பது தொழிலாளிதான். அதனால்தான் இந்த முறை இதை எழுதுகிறோம். பொயிலர் புகையில் இருக்கும் அரிக்கும் வாயுக்களை அளக்க வேண்டும் என்பதும், அளந்த எண்ணை நம் கையில் தரவேண்டும் என்பதும் சம்பளத்தைப் போல ஒரு தொழிற்சங்கக் கோரிக்கையாக வேண்டும் என்பது எங்கள் கருத்து.

உப்பு எங்கிருந்து வருகிறது?

முதலில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். மாதம்பை, சிலாபம் பக்கத்தில் தும்புத்தூள் களத்தில் வேலை செய்த அக்காமாருக்குத் தெரியும்: தூளை அப்படியே கட்டியாக்கி ஏற்றுமதி செய்வதில்லை. நல்ல தண்ணீரில் கழுவுகிறார்கள். கழுவிய பிறகு ஒரு சிறிய கருவியை அதில் வைத்து "ஈ.சீ." பார்க்கிறார்கள். எண் கூடுதலாக இருந்தால் திரும்பவும் கழுவ வேண்டும். ஏன்? தூளில் உப்பு இருந்தால் வெளிநாட்டில் அந்தத் தூளில் வளரும் தக்காளிச் செடியின் வேர் கருகிவிடும். வாங்குகிறவர் லொறியோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்த உப்பு பெரும்பாலும் பொற்றாசியம் குளோரைட்டு. தென்னை குளோரினை விரும்பி எடுக்கும் மரம். கடற்கரை மண்ணிலும் காற்றிலும் இருந்து எடுக்கிறது. நாம் மரத்தடியில் போடும் எம்.ஓ.பி. பொட்டாசு உரத்திலிருந்தும் எடுக்கிறது. அந்த உரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி குளோரின்தான். மரம் எடுத்த பொற்றாசியத்தில் பெரும்பங்கு போய்ச் சேரும் இடம் காயின் உரிமட்டை. குளோரினும் அதோடு போகிறது.

இனி பொயிலரைப் பாருங்கள். சிரட்டைக்கு நல்ல விலை இருக்கிறது. அது கரிச்சூளைக்குப் போய்விடும். பொயிலர் வாயில் விழுவது உரிமட்டை, பாளை, காய்ந்த மட்டை, கிளிரிசீடியாக் கொம்பு, கிடைத்த விறகு. சில இடங்களில் உடைந்த வள்ளத்துப் பலகையும் விழும். கடலில் ஊறிய பலகை என்றால் அதிலும் உப்பு.

ஆக, தக்காளிச் செடிக்காக அந்த உப்பைக் கழுவி, கருவி வைத்து அளக்கிறார்கள். அதே மட்டை பொயிலருக்குப் போகும்போது கழுவுவதும் இல்லை, அளப்பதும் இல்லை. அந்தப் புகையைக் குடிக்கிற மனிதர் செடியை விடக் குறைந்தவரா? எங்கள் கேள்வி முழுவதும் இதுதான்.

அடுப்புக்குள் என்ன நடக்கிறது?

உப்பு எரியாது. ஆனால் பொயிலர் அடுப்பின் சூட்டில் பொற்றாசியம் குளோரைட்டு ஆவியாகிறது. அதில் ஒரு பகுதி புகையில் உள்ள கந்தகவீரொட்சைட்டோடும் நீராவியோடும் சேர்ந்து மாறி, குளோரினை ஐதரசன் குளோரைட்டு வாயுவாக விட்டுவிடுகிறது. இந்த வாயு தண்ணீரைக் கண்டால் உடனே கரைந்துவிடும். கரைந்தால் அதன் பெயர் ஐதரோகுளோரிக்கமிலம். ஓ.எல். படிக்கிற பிள்ளை ஆய்வுகூடத்தில் பயந்து தொடுகிற அதே அமிலம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு தொன் மட்டையில் நூற்றுக்கு அரைப் பங்கு குளோரின் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 5 கிலோ. ஒரு பகுதி சாம்பலோடு தங்கும். பாதிதான் வாயுவாகிறது என்று வைத்தாலும், ஒரு தொன் எரித்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் ஐதரசன் குளோரைட்டு வெளியேறும். உங்கள் மில்லில் மட்டையில் எத்தனை பங்கு, ஒரு நாளைக்கு எத்தனை தொன் என்பதை அளந்தால்தான் உண்மைக் கணக்கு வரும்.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை. கறுப்புப் புகை வந்தால்தான் கூடாத புகை என்று நாம் நினைக்கிறோம். நன்றாக எரிகிற பொயிலரில் கறுப்பு குறையும், ஆனால் மட்டையில் இருந்த குளோரின் குறையாது. "இப்போ புகையே தெரியறதில்லையே" என்று சொல்லி யாரும் நம்மை அனுப்பிவிட முடியாது.

அது எதைத் தின்கிறது? முதலில் இரும்பை. பெரிய மின்நிலையங்களில் நீராவிக் குழாய்கள் 500 பாகை செல்சியசுக்குக் கிட்டப் போகும். அங்கே உப்புச் சாம்பல் குழாயில் ஒட்டி, சூட்டிலேயே இரும்பை அரிக்கும். நம் மில் பொயிலர்கள் அவ்வளவு சூடு இல்லை. நமக்கு ஆபத்து குளிர்ந்த பக்கத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நிறுத்திய பொயிலரில் உப்புச் சாம்பல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கிடக்கும். திங்கட்கிழமை விடியற்காலை திரும்ப மூட்டும்போது, குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் புகையின் ஈரம் வியர்த்து, அமிலத்தோடு வழியும். புகைபோக்கியின் அடித்தகடு முதலில் உக்குவதும், தண்டவாளக் கம்பி அளவு தடித்த இரும்பு பப்படம் போல உரிவதும் இதனால்தான். தேயிலைத் தோட்டத்துத் தோழர்களும் இதைக் கவனிக்க வேண்டும். விறகு எரித்துத் தேயிலை காய வைக்கும் அடுப்பிலும் இரும்புக் குழாய்தான் இருக்கிறது. அது ஓட்டையானால் புகை தொழிற்சாலைக்குள் வரும்.

அடுத்து மனிதரை. ஐதரசன் குளோரைட்டு கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அங்கேயே அமிலமாகிறது. இருமல், தொண்டை எரிச்சல், தொய்வு இருக்கிறவருக்கு மூச்சு முட்டுதல். நெடுங்காலம் சுவாசித்தால் முன்பல்லின் மேற்பூச்சு கரையும். அமெரிக்காவில் வேலைத்தளக் காற்றில் எந்த நேரத்திலும் தாண்டக் கூடாத அளவு, பத்து இலட்சம் பங்கு காற்றில் 5 பங்கு. 50 பங்கு இருந்தால் உயிருக்கே உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள்.

பிரபுவின் மரமும் தொழிலாளியின் பல்லும்

இந்த வாயுவை அளப்பது புதிய விஞ்ஞானம் என்று யாரும் சொல்லவேண்டாம். 160 வருடப் பழைய கதை இது.

இங்கிலாந்தில் சவர்க்காரத்துக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடா காரத்தை உப்பிலிருந்து தயாரித்த ஆலைகள் இதே ஐதரசன் குளோரைட்டைப் புகைபோக்கி வழியே விட்டன. செயின்ட் ஹெலன்ஸ், விட்னஸ் ஊர்களைச் சுற்றி வேலிகளும் மரங்களும் பட்டுப்போயின. அந்தப் பக்கத்தில் பெரிய நிலம் வைத்திருந்த டார்பி பிரபு 1862இல் பிரபுக்கள் சபையில் விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1863இல் அல்கலிச் சட்டம் வந்தது. வெளியேறும் வாயுவில் நூற்றுக்கு 95 பங்கைத் தண்ணீரில் பிடிக்க வேண்டும் என்றது சட்டம். அதை அளந்து பார்க்க ராபர்ட் அங்கஸ் சிமித் என்ற இரசாயனவியலாளர் முதல் பரிசோதகராக நியமிக்கப்பட்டார். 1874இல் சட்டத்தை இறுக்கினார்கள்: ஒரு கன அடி புகையில் ஐந்தில் ஒரு கிரெயினுக்கு மேல் இருக்கக் கூடாது. இன்றைய கணக்கில் ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 460 மில்லிகிராம்.

இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று: ஆலைகள் மூடப்படவில்லை. பிடித்த அமிலத்தை வைத்து வெளுக்கும் தூள் தயாரித்து முதலாளிகள் இலாபமும் பார்த்தார்கள். இரண்டு: சட்டம் வந்தது பிரபுவின் மரம் பட்டுப்போனபோதுதான். அதே ஆலைகளுக்குள் உலையடியில் நின்ற தொழிலாளிகளின் பற்கள் கரைந்து கொட்டிக்கொண்டிருந்தன. பரிசோதகர் அளந்தது புகைபோக்கியில். தொழிலாளி மூச்சு விட்டது உலையடியில். அந்த இடைவெளி இன்று வரை இருக்கிறது. ஆகவே நாம் கேட்பது இரண்டு அளவீடு: ஒன்று புகைபோக்கியில், மற்றொன்று பொயிலர்காரர் நிற்கும் இடத்தில்.

நம்மைப் போலவே கடற்கரையில் விறகு எரிக்கிறவர்களின் கதையும் உண்டு. கனடாவின் மேற்குக் கரையில் மரக்கட்டைகளைக் கடலில் மிதக்கவிட்டுக் கடதாசி ஆலைக்குக் கொண்டுவருவார்கள். உப்பு ஊறிய பட்டையைப் பொயிலரில் எரிப்பார்கள். புகையை அளந்து பார்த்தபோது ஐதரசன் குளோரைட்டு மட்டுமல்ல, டயொக்சின் என்ற கொடிய நஞ்சும் இருப்பது தெரிந்தது. 2001இல் கனடா நாடு முழுவதற்கும் கொண்டுவந்த டயொக்சின் தரங்களில், உப்பு ஊறிய மரத்தை எரிக்கும் கடற்கரைப் பொயிலர்களுக்கென்றே தனியாக ஓர் அளவு வைத்தார்கள். அளந்ததால்தான் அது வந்தது.

எப்படி அளக்கிறார்கள்?

அளப்பவர்கள் வரும்போது நாம் வேடிக்கை மட்டும் பார்க்கக் கூடாது. என்ன செய்கிறார்கள் என்று தெரிந்திருந்தால்தான் சரியாகச் செய்கிறார்களா என்று கேட்க முடியும்.

புகைபோக்கியில் ஒரு துளை இருக்கும். அதன் வழியே ஒரு குழாயை உள்ளே விட்டுப் புகையை இழுப்பார்கள். அந்தக் குழாயைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும், 120 பாகை செல்சியசுக்கு மேல். இழுத்த புகை தூசியை வடிகட்டி, பனிக்கட்டியில் வைத்த கண்ணாடிப் போத்தல்களுக்குள் குமிழிவிட்டுப் போகும். போத்தலில் உள்ள திரவம் ஐதரசன் குளோரைட்டைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு புகை இழுத்தது என்பதை ஒரு மானி கணக்கு வைக்கும். போத்தலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் அதில் எவ்வளவு குளோரைட்டு என்று பார்ப்பார்கள். போத்தல் இல்லாமல், சூடான புகையை நேரடியாக ஒளிக்கதிர் பாய்ச்சி அளக்கும் கருவிகளும் உண்டு. அவை விலை கூடியவை. நம் நாட்டில் கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை புகைபோக்கி அளவீடு செய்கின்றன.

குழாய் ஏன் சூடாக இருக்கவேண்டும்? குளிர்ந்தால் புகையின் ஈரம் குழாயிலேயே வியர்த்துவிடும். நாம் தேடும் வாயு அந்த வியர்வையில் கரைந்து குழாயிலேயே நின்றுவிடும். போத்தலுக்கு வந்துசேர்வது கொஞ்சம்தான். அறிக்கையில் "குறைவு" என்று வரும். கையில் தூக்கிவரும் சாதாரண புகைமானியிலும் இதே பிரச்சினை. அது முதலில் புகையைக் குளிரவைத்து ஈரத்தை எடுத்துவிட்டுத்தான் அளக்கும். காபனோரொட்சைட்டுக்கும் ஒட்சிசனுக்கும் அது நல்ல கருவி. ஐதரசன் குளோரைட்டுக்கு அல்ல.

இன்னொரு தந்திரமும் உண்டு. பிளேன்ரீயில் தண்ணீர் ஊற்றினால் சாயம் வெளுக்கும். போட்ட தேயிலை குறைவதில்லை. அதுபோலப் புகையில் வெளிக்காற்று கலந்தால் எண் குறையும், வெளியேறும் வாயு குறையாது. அதனால்தான் புகையில் மிச்சமிருக்கும் ஒட்சிசனையும் சேர்த்து அளந்து கணக்கைத் திருத்தவேண்டும். உதாரணம்: ஒரு கன மீற்றரில் 60 மில்லிகிராம், அப்போது ஒட்சிசன் நூற்றுக்கு 15. இதை ஒட்சிசன் 6 என்ற நிலைக்கு மாற்றினால், 21இல் 6 போக 15. 21இல் 15 போக 6. 60ஐ 15ஆல் பெருக்கி 6ஆல் வகுத்தால் 150. அறுபது என்று எழுதிய அறிக்கையும் நூற்றைம்பது என்று எழுதிய அறிக்கையும் ஒரே புகையைத்தான் சொல்கின்றன. ஒட்சிசன் எழுதாத அறிக்கை எதையும் சொல்லவில்லை.

ஆகவே அளவீட்டு நாளில் கிளைத் தலைவர் ஒருவர் கூட நின்று இந்த ஐந்தைக் கேட்கவேண்டும்:

1. அளக்கப்போகும் வாயுக்களின் பட்டியலில் ஐதரசன் குளோரைட்டு இருக்கிறதா? தூசியும் கந்தக, நைதரசன் ஒட்சைட்டுகளும் மட்டும்தானா?

2. இன்று பொயிலரில் போடுவது தினமும் போடுவதுதானா? சோதனை நாளுக்கென்று காய்ந்த நல்ல விறகு அடுக்கி வைத்திருக்கிறார்களா?

3. பொயிலர் வழக்கமான வேகத்தில் ஓடுகிறதா, பாதி வேகத்திலா?

4. உறிஞ்சும் குழாய் கடைசி வரை சூடாக இருக்கிறதா?

5. ஒட்சிசன் அளவு அறிக்கையில் எழுதப்படுமா? அறிக்கையின் பிரதி சங்கத்துக்குக் கிடைக்குமா?

பொயிலர்காரர் நிற்கும் இடத்தை அளப்பது இதைவிட இலகு. கையடக்கப் பம்பியில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகிக் காற்றை இழுத்தால், உள்ளே உள்ள தூள் நிறம் மாறி அளவைக் காட்டும். கதவைத் திறந்து விறகு தள்ளும் நேரத்திலும் சாம்பல் அள்ளும் நேரத்திலும் அளக்கவேண்டும். கூடவே காபனோரொட்சைட்டையும் பார்க்கவேண்டும். அதற்கு நெடி கிடையாது, ஆளை மயக்கிக் கொல்லும்.

யாரிடம் கேட்பது?

நம் மாவட்டத்துக்கு ஒரு தனி நிலைமை இருக்கிறது. சுற்றாடல் என்றால் கொழும்பு மத்திய சுற்றாடல் அதிகாரசபைதான் என்று நினைக்கிறோம். வடமேல் மாகாணத்துக்குச் சொந்தச் சட்டம் உண்டு: 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க மாகாண சுற்றாடல் நியதிச்சட்டம். புத்தளம் மாவட்டத்து மில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தருவது குருநாகலில் உள்ள மாகாண சுற்றாடல் அதிகாரசபை. அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனைகள் இருக்கும். குறித்த காலத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும்.

அந்த நிபந்தனை என்ன, கடைசியாக எப்போது புகை அளந்தார்கள், என்ன எண் வந்தது என்பதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அந்த அதிகாரசபையின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு.

பொயிலர் அறைக்குள் இருப்பது தொழில் திணைக்களத்தின் பொறுப்பு. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி நீராவிப் பொயிலரைத் தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும். குழாய் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதும் அரிக்கும் வாயுவுக்கு ஒரு சாட்சிதான். மெலிந்த குழாய் வெடித்தால் முதலில் வெந்துபோவது முதலாளி அல்ல. வேலைத்தளச் சுகாதாரத்துக்கென்று 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த தேசிய நிறுவகமும் இருக்கிறது.

நாமும் அளக்கலாம்

அதிகாரி வரும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நம் பாடசாலைப் பிள்ளைகளோடு இந்தச் சோளகத்துக்குச் செய்யவிருக்கும் வேலை இது. ஒரே இரும்புத் தகட்டிலிருந்து ஒரே அளவில் துண்டுகள் வெட்டி, எண் போட்டு, நுண்தராசில் எடை பார்க்கிறோம். சில துண்டுகளைப் பொயிலருக்குக் கிழக்கே லயத்துக் கூரையில் தொங்கவிடுகிறோம். சில துண்டுகளைக் கடலிலிருந்து அதே தூரத்தில், ஆனால் புகை போகாத வடக்குப் பக்கத் தோட்டத்தில் தொங்கவிடுகிறோம். சோளகம் கடலிலிருந்து இரண்டு இடத்துக்கும் ஒரே உப்பைத்தான் கொண்டுவரும். புகையை ஓர் இடத்துக்குத்தான் கொண்டுபோகும். சோளகம் முடிந்ததும் துருவை ஒரே மாதிரித் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்ப எடை போடுவோம். வாடையில் காற்று திரும்பும்போது புதிய துண்டுகளோடு இன்னொரு முறை.

இரண்டு இடத்திலும் துரு ஒரே அளவு என்றால், நிர்வாகம் சொன்னதுதான் சரி என்று இதே பத்திரிகையில் எழுதுவோம். லயத்தில் கூடுதல் என்றால் அந்த எண்ணோடு கதவைத் தட்டுவோம். இது ஆய்வுகூடச் சான்றிதழ் அல்ல. எந்த வாயு என்று தகடு சொல்லாது. ஆனால் முறையான அளவீடு வேண்டும் என்று கேட்க அது போதும். ஒரு எச்சரிக்கை: பிள்ளைகளோ பெரியவர்களோ புகைபோக்கியில் ஏறவும் வேண்டாம், அதிலிருந்து வழியும் தண்ணீரைக் கையால் தொடவும் வேண்டாம்.

பொயிலர் அறைத் தோழர்கள் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். திகதி, என்ன எரித்தது, காற்று எந்தப் பக்கம், யாருக்கு இருமல், யாருக்குக் கண் எரிச்சல். ஒரு நாளைக்கு நான்கு வரி போதும்.

"மில் மூடினால் என்ன செய்வீர்கள்?"

இந்தக் கேள்வி வரும். நம்மில் சிலரே கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம், அந்த மில்தான் நம் வீட்டு அடுப்பையும் எரிக்கிறது. நாம் விறகுப் பொயிலருக்கு எதிரிகள் அல்ல. இறக்குமதி எண்ணெய்க்குக் கொடுக்கும் பணம் கிளிரிசீடியா வெட்டும் நம் ஊர்க்காரருக்கு வருவது நல்லதுதான். 2005இல் அரசாங்கம் கிளிரிசீடியாவைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்ததும் அந்த நோக்கத்தோடுதான்.

அளந்தால் மில் மூடாது. அளந்தால் வழி பிறக்கும். டென்மார்க்கில் வைக்கோல் எரிக்கும் மின்நிலையங்கள் இதே பொற்றாசியம், குளோரின் தொல்லையைச் சந்தித்தன. அறுத்த வைக்கோல் வயலிலேயே மழையில் நனைந்து வெளுத்தால் உப்பு கரைந்து போய், பொயிலருக்குத் தொல்லை குறைவதைக் கண்டார்கள். நம் மட்டைக்கும் இது பொருந்தும். உரித்த மட்டையை ஒரு மழை பார்க்கவிட்டு, காயவைத்து, பிறகு எரிக்கலாம். கழுவிய தண்ணீர் கிணற்றடிக்குப் போகாமல் தென்னைக்கே போனால் அதில் உள்ள பொட்டாசும் மரத்துக்குத் திரும்பும். வள்ளத்துப் பலகையையும் பி.வி.சி. குழாய்த் துண்டையும் பொயிலரில் போடாமல் இருக்கலாம். பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். மட்டையில் எவ்வளவு குளோரின் என்று சோதிப்பது புகையைச் சோதிப்பதை விட மலிவு. மண்ணையும் ஓலையையும் சோதிக்கும் தென்னை ஆராய்ச்சி நிலையம் நம் மாவட்டத்து லுணுவிலவில்தான் இருக்கிறது. இவையெல்லாம் குழாயின் ஆயுளையும் கூட்டும். அது முதலாளிக்கும் இலாபம்.

நம் கோரிக்கை

அடுத்த கூட்டுப் பேச்சுவார்த்தையில் சம்பளத்துக்குக் கீழே இந்த நான்கையும் எழுதவேண்டும் என்று எல்லாக் கிளைகளையும் கேட்கிறோம். மட்டையும் விறகும் எரிக்கும் ஒவ்வொரு பொயிலரிலும் வருடத்துக்கு ஒருமுறையாவது ஐதரசன் குளோரைட்டையும் சேர்த்துப் புகை அளவீடு. பொயிலர்காரரும் சாம்பல் அள்ளுகிறவரும் சுவாசிக்கும் காற்றை அளத்தல். இரண்டு அறிக்கையும் தமிழிலும் சிங்களத்திலும் வேலைத்தளப் பலகையில். எண் கூடுதலாக இருந்தால், திருத்தும் வரை அங்கே நிற்பவருக்குத் தகுந்த முகக்கவசமும் வேலை மாற்றமும், ஒரு நாள் சம்பளமும் குறையாமல்.

கிளைக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் கொப்பியைக் கொண்டுவாருங்கள். தகவல் கடிதம் எழுதத் தெரியாது என்று யாரும் தயங்கவேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் பாடசாலையில் இருப்போம். உட்கார்ந்து ஒன்றாகவே எழுதுவோம்.